கிரேவி டப்பாவும் ஐந்து கைகளும்: 2007 மெலமைன் செல்லப்பிராணி உணவு, ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

பூனைகளும் நாய்களும் சிறுநீரகம் கெட்டு இறந்ததையடுத்து, 2007 மார்ச் 16 அன்று வட அமெரிக்கக் கடைகளிலிருந்து 6 கோடிக்கும் மேற்பட்ட நாய், பூனை உணவு டப்பாக்களையும் பைகளையும் திரும்பப் பெறும் அறிவிப்பு வெளியானது. எல்லாம் கிரேவியில் ஊறிய துண்டுகளாக வரும் ஈர உணவு வகை. அறிவிப்பில் ஏறத்தாழ நூறு பிராண்டுகளின் பெயர்கள் இருந்தன. மலிவான கடைப் பிராண்டும், விலை உயர்ந்த பிராண்டும் ஒரே பட்டியலில் நின்றன. அதிக விலை கொடுத்தால் பாதுகாப்பு என்று நம்பி வாங்கியவர்களுக்கு முதல் அதிர்ச்சி அதுதான். இத்தனையையும் சமைத்தது ஒரே ஒப்பந்த உற்பத்தியாளர்: கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மெனு ஃபுட்ஸ். கன்சாஸ் மாநிலத்தின் எம்போரியாவிலும் நியூஜெர்சியின் பென்சாக்கனிலும் இருந்த அதன் ஆலைகளில் 2006 டிசம்பர் 3 முதல் 2007 மார்ச் 6 வரை தயாரான சரக்கு இது.

பழுது கோதுமை குளூட்டன் என்ற ஒரே மூலப்பொருளில் இருந்தது. குளூட்டன் என்பது கோதுமை மாவிலிருந்து பிரித்தெடுக்கும் புரதம்; அந்தச் சரக்கில் பிளாஸ்டிக் தயாரிக்கப் பயன்படும் மெலமைன் என்ற வேதிப்பொருள் கலந்திருந்தது. இறைச்சித் துண்டு போலத் தோன்றுபவற்றை ஒட்டிப் பிடிக்கவும் கிரேவியைக் கெட்டியாக்கவும் குளூட்டன் சேர்க்கப்படுகிறது. டப்பாவைத் திறக்கும் உரிமையாளருக்கும் குளூட்டனைத் தயாரித்தவருக்கும் நடுவே எத்தனை கைகள் என்பதைப் பார்த்தால்தான் பின்னால் வந்த வழக்குகள் புரியும். சீனாவின் சூஜோ அன்யிங் என்ற நிறுவனம் சரக்கைக் கொடுத்தது. சுஜோ டெக்ஸ்டைல்ஸ் என்ற ஏற்றுமதி நிறுவனம் கப்பலில் ஏற்றியது. லாஸ் வேகாஸின் கெம்நியூட்ரா இறக்குமதி செய்து விற்றது. மெனு ஃபுட்ஸ் சமைத்து அடைத்தது. பிராண்டு உரிமையாளர் தன் பெயரை ஒட்டினார். ஐந்து கைகள். டப்பாவின் மேல் அச்சான பெயர் அவற்றில் கடைசிக் கையுடையது மட்டுமே.

2006 நவம்பர் 6 முதல் 2007 பிப்ரவரி 21 வரை 800 டன்னுக்கும் மேற்பட்ட சரக்கு அமெரிக்காவுக்குள் வந்தது என்றும், அதன் மொத்த மதிப்பு சுமார் 8,50,000 டாலர் என்றும் பின்னர் தாக்கலான குற்றப்பத்திரிகை சொல்கிறது. டன்னுக்கு ஆயிரம் டாலர் சொச்சம். நடந்த நாசத்தோடு ஒப்பிட்டால் மிகச் சிறிய வியாபாரம்.

நைட்ரஜன் கணக்கு

கலப்படம் ஏன் பிடிபடவில்லை என்பதற்கு விடை, புரதத்தை அளக்கும் முறையிலேயே இருக்கிறது. குளூட்டனுக்கு விலை அதன் புரத அளவை வைத்துத்தான். புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. மாதிரியை அடர் கந்தக அமிலத்தில் கொதிக்கவைத்து, வெளிவரும் நைட்ரஜனை அளந்து, அதை 6.25 ஆல் பெருக்குவார்கள், கோதுமைக்கு 5.7. கெல்டால் சோதனை என்ற இந்த நூற்றாண்டுப் பழைய முறை, நைட்ரஜன் எதிலிருந்து வந்தது என்று பிரித்துக் காட்டாது.

மெலமைன் மூலக்கூறின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். நல்ல புரதத்தில் அது சுமார் 16 சதவீதம்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 கிலோ மாவில் 1 கிலோ மெலமைன் கலந்தால் 0.666 கிலோ நைட்ரஜன் கூடும். அதை 5.7 ஆல் பெருக்கினால் 3.8. ஒரு கிராம்கூடப் புரதம் சேராமலேயே சான்றிதழில் கிட்டத்தட்ட 4 சதவீதம் புரதம் ஏறிவிடுகிறது. நம் ஊரில் தண்ணீர் ஊற்றிய பாலில் யூரியா கலப்பதும் இதே நோக்கத்தோடுதான்.

வந்தது குளூட்டனே அல்ல, மெலமைன் கலந்த கோதுமை மாவு என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமான எஃப்டிஏ மே மாதத்தில் அறிவித்தது. இது இன்னும் வலிக்கிறது. ஏனென்றால் மாவையும் குளூட்டனையும் பிரித்தறியப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. கைப்பிடி அளவு எடுத்துப் பிசைந்து, தண்ணீரில் அலசினால் போதும். குளூட்டன் ரப்பர்போல ஒரே உருண்டையாக நிற்கும். மாவில் பெரும்பகுதி வெள்ளைத் தண்ணீராகக் கரைந்து ஓடிவிடும், கையில் மிஞ்சுவது கொஞ்சம்தான். இதற்கு மேல் உறுதி வேண்டுமென்றால், டிரைகுளோரோ அசெட்டிக் அமிலத்தால் உண்மைப் புரதத்தைப் படியவைத்து வடிகட்டி, வடிநீரில் மிஞ்சும் நைட்ரஜனைத் தனியாக அளக்கலாம். அந்த எண் வழக்கத்துக்கு மேல் இருந்தால் புரதமல்லாத நைட்ரஜன் உள்ளே வந்திருக்கிறது என்று பொருள். வரும் ஒவ்வொரு லாட்டுக்கும், அதாவது ஒரே எண்ணிட்ட சரக்குத் தொகுதிக்கும், செய்யக்கூடிய, செலவு குறைந்த சோதனை இது. சரக்கோடு வரும் பகுப்பாய்வுச் சான்றிதழை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடுகிற இடத்தில்தான் ஏமாற்றுக்காரனுக்குக் கதவு திறக்கிறது.

கண்டவை: பிப்ரவரி 20 முதல் மார்ச் 16 வரை

பூனைகளும் நாய்களும் நோயுற்றதாக மெனு ஃபுட்ஸுக்கு முதல் முறையீடு வந்தது பிப்ரவரி 20 அன்று. பிப்ரவரி 27 அன்று நிறுவனத்தின் சுவைச் சோதனை ஒன்று தொடங்கியது. நாற்பது ஐம்பது விலங்குகளுக்கு உணவைக் கொடுத்து, எதை விரும்பித் தின்கின்றன என்று பார்ப்பது அதன் நோக்கம். மார்ச் தொடக்கத்தில் அந்தச் சோதனையில் இருந்த பூனைகள் சிறுநீரகம் செயலிழந்து சாகத் தொடங்கின. புதிய விற்பனையாளரிடமிருந்து குளூட்டன் வாங்கத் தொடங்கிய காலமும் முறையீடுகள் வரத் தொடங்கிய காலமும் ஒத்துப்போவதை நிறுவனம் கண்டது. மார்ச் 6க்குப் பிறகான சரக்கு திரும்பப் பெறும் பட்டியலில் இல்லை.

ஆனால் பொது அறிவிப்பு வந்தது மார்ச் 16இல்தான். முதல் முறையீட்டிலிருந்து 24 நாள். அந்த நாட்களில் தினமும் கடையில் டப்பாக்கள் விற்றன, வீட்டில் கிண்ணங்கள் நிரம்பின. நீதிமன்றத்தில் வாதி தரப்பு முதலில் விரல் நீட்டுவது இத்தகைய இடைவெளியைத்தான். எந்தத் தேதியில் எந்த மேசைக்கு எந்தத் தகவல் வந்தது என்பதைக் காட்டும் காகிதங்கள், எந்த நச்சியல் அறிக்கைக்கும் குறையாத எடை கொண்டவை.

வெளியே கால்நடை மருத்துவமனைகளில் காட்சி ஒரே மாதிரி இருந்தது. தீனி எடுக்காமை, வாந்தி, சோர்வு, அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்தல், அடிக்கடி சிறுநீர். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவுகளான கிரியாட்டினினும் யூரியா நைட்ரஜனும் ரத்தத்தில் ஏறியிருந்தன. பூனைகள் நாய்களைவிட எளிதாக விழுந்தன. வயதான பூனைக்குச் சிறுநீரகம் கெடுவது சாதாரணம் என்பதால், அறிவிப்பு வருவதற்கு முன் இறந்த பலவற்றின் சாவு வயதின் கணக்கில் எழுதப்பட்டு, உடலும் புதைக்கப்பட்டுவிட்டது. அவற்றுக்காகப் பிறகு எவரும் எதையும் நிரூபிக்க முடியவில்லை.

தவறிய விடையும் சரியான விடையும்

மார்ச் 23 அன்று நியூயார்க் மாநில ஆய்வகமும் கார்னெல் பல்கலைக்கழகமும் உணவில் அமினோப்டெரின் என்ற எலி விஷம் இருப்பதாக அறிவித்தன. மற்ற ஆய்வகங்களால் அதை உறுதி செய்ய இயலவில்லை. சிறுநீரகங்களில் தெரிந்த படிகங்களுக்கும் அது விளக்கம் தரவில்லை. மார்ச் 30 அன்று எஃப்டிஏ மெலமைனைக் கண்டதாக அறிவித்தது. உணவில், குளூட்டனில், இறந்த பூனையின் சிறுநீரகத்தில் என்று மூன்று இடத்திலும் அது கிடைத்தது. இந்த மூன்று புள்ளிகளை இணைக்கும் கோடுதான் வழக்கின் முதுகெலும்பு. உணவில் மட்டும் கிடைத்திருந்தால் சாவோடு தொடர்பு இல்லை என்று வாதாடியிருப்பார்கள். சிறுநீரகத்தில் மட்டும் கிடைத்திருந்தால் வேறெங்கோ தின்றிருக்கும் என்று சொல்லியிருப்பார்கள்.

ஆனாலும் ஒரு முடிச்சு அவிழவில்லை. மெலமைன் தனியாக அவ்வளவு கொடிய நஞ்சு அல்ல. ஏப்ரல் இறுதியில் கனடாவின் குயெல்ஃப் பல்கலைக்கழகத்தினர் விடை சொன்னார்கள். கூடவே சயனூரிக் அமிலமும் இருந்தது. நீச்சல் குளத்துக் குளோரினை நிலைப்படுத்தப் பயன்படும் பொருள் அது. இரண்டும் பூனையின் சிறுநீரில் சந்தித்தால் கரையாத படிகமாக இறுகிவிடுகின்றன. பிறகு கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் பூனைகளில் செய்த ஆய்வும் இதையே காட்டியது. மெலமைன் மட்டும் தின்ற பூனைக்கும் சயனூரிக் அமிலம் மட்டும் தின்ற பூனைக்கும் சிறுநீரகம் கெடவில்லை. இரண்டையும் சேர்த்துத் தின்றவற்றுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது.

நுண்ணோக்கியில் அந்தப் படிகங்கள் மஞ்சள் பழுப்பு நிறத்தில், வட்டமாக, நடுவிலிருந்து ஆரங்கள் விரியும் வடிவில், சிறுநீரக நுண்குழாய்களின் கடைசிப் பகுதியை அடைத்துக்கொண்டு தெரியும். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. இறந்த விலங்கின் திசுவை வழக்கமாக ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில்தான் போடுவார்கள். இந்தப் படிகங்கள் ஃபார்மலினில் நாள்பட மெல்லக் கரைகின்றன. வாரக்கணக்கில் அதில் ஊறிய சிறுநீரகத்தில் சாட்சியே காணாமல் போயிருக்கலாம். திசுவின் ஒரு பகுதியை எத்தனாலிலும் இன்னொரு பகுதியை உறைநிலையிலும் வைத்தவர்களின் மாதிரிகள்தான் பின்னர் கைகொடுத்தன.

இதற்கு இன்னொரு சான்றும் உண்டு. 2004இல் ஆசிய நாடுகள் சிலவற்றில், தாய்லாந்தில் தயாரான உணவைத் தின்ற நாய்கள் ஏராளமாகச் சிறுநீரகம் கெட்டு இறந்தன. அப்போது பூஞ்சை நச்சு என்று முடிவு கட்டினார்கள். 2007 சம்பவத்துக்குப் பிறகு, எடுத்துவைத்திருந்த பழைய திசுக்களை மறுபடி பார்த்தபோது அதே படிகங்கள், அதே மெலமைனும் சயனூரிக் அமிலமும். மூன்று வருடத்துக்கு முன்பே வந்த எச்சரிக்கையைத் தவறாகப் படித்திருக்கிறார்கள். திசுவை எறியாமல் வைத்திருந்ததால் அந்தத் தவறாவது தெரிந்தது.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

மெனு ஃபுட்ஸ் திரும்பப் பெற்றது தானாக முன்வந்து. அதைக் கட்டாயப்படுத்தும் அதிகாரம் அப்போது எஃப்டிஏவுக்கு இல்லை. கேட்டுக்கொள்ளலாம், எச்சரிக்கலாம், நீதிமன்றம் போய்ச் சரக்கைப் பறிமுதல் செய்யலாம், அவ்வளவுதான். அதனால் பட்டியலும் துண்டுதுண்டாக வளர்ந்தது. முதலில் ஈர உணவு மட்டும் என்றார்கள். மார்ச் இறுதியில் ஒரு உலர் பூனை உணவும் சேர்ந்தது. ஏப்ரல் நடுவில் அரிசிப் புரதச் செறிவு என்ற வேறொரு மூலப்பொருளிலும் மெலமைன் பிடிபட்டது. அந்தச் சரக்கு மூட்டைகளுக்கு நடுவே ஒரேயொரு இளஞ்சிவப்பு மூட்டை வந்திருந்தது. அதன் மேல் மெலமைன் என்றே அச்சிடப்பட்டிருந்தது. ஈர உணவை விட்டு உலர் உணவுக்கு மாறினால் போதும் என்று மார்ச் மாதத்தில் சொல்லப்பட்ட அறிவுரை ஏப்ரலில் செல்லுபடியாகவில்லை.

ஏப்ரல் 27 அன்று எஃப்டிஏ சீனாவிலிருந்து வரும் தாவரப் புரதங்கள் அனைத்துக்கும் இறக்குமதித் தடுப்பு ஆணை போட்டது. இதில் முக்கியமானது நிரூபிக்கும் சுமை கைமாறியது. அதுவரை சரக்கில் கலப்படம் உண்டு என்று அரசு காட்ட வேண்டியிருந்தது. இனிமேல் மெலமைன் இல்லை என்று இறக்குமதியாளர் காட்டினால்தான் துறைமுகத்தைத் தாண்டும். நிறுவனங்களைப் பொறுப்பேற்கவைக்கும் கருவிகளில் மிகக் கூர்மையானது இதுவே என்பது எங்கள் கருத்து. நஷ்டஈட்டுத் தொகையைவிட, துறைமுகத்தில் சரக்கு நிற்கும் ஒவ்வொரு நாளும் வியாபாரியை அதிகம் உறுத்தும்.

எத்தனை இறந்தன என்ற எண்ணிக்கையே கடைசிவரை ஒரு போராட்டமாக இருந்தது. எஃப்டிஏ ஆரம்பத்தில் உறுதி செய்தது 16 சாவுகளை மட்டும். உரிமையாளர்களிடமிருந்து 17,000க்கும் மேற்பட்ட முறையீடுகள் வந்து குவிந்தன. அவற்றில் சாவுகளே ஆயிரக்கணக்கில். கால்நடை ஆய்வகங்கள் நடத்திய கணக்கெடுப்பில், வரையறைக்குப் பொருந்தியவை 347: பூனைகள் 235, நாய்கள் 112. அவற்றில் பாதிக்கு மேல் இறந்தவை. 16க்கும் ஆயிரங்களுக்கும் நடுவில் கிடக்கும் இந்தப் பள்ளம் பொய்யால் வந்ததல்ல. லாட் எண், மிச்ச உணவு, ரத்த அறிக்கை, திசு ஆகிய நான்கும் ஒருசேரக் கையில் இருந்த வீடுகள் மிகக் குறைவு.

குற்ற வழக்கு

2008 பிப்ரவரி 6 அன்று மிசௌரி மாநிலத்தின் கன்சாஸ் நகரில் கூட்டாட்சி கிராண்ட் ஜூரி, அதாவது வழக்குத் தொடரப் போதிய ஆதாரம் உண்டா என்று முடிவு செய்யும் குடிமக்கள் குழு, குற்றம் சாட்டியது. சீன நிறுவனங்கள் இரண்டு, அவற்றின் தலைமைப் பொறுப்பில் இருந்த இருவர், கெம்நியூட்ரா, அதன் உரிமையாளர் இருவர். கெம்நியூட்ரா தரப்பின் மேல் 27 குற்றச்சாட்டுகள். கலப்பட உணவை மாநிலங்களுக்கிடையே வணிகத்தில் விட்டதற்கு 13, தவறான பெயரில் விட்டதற்கு 13, மோசடிச் சதிக்கு 1. சீனாவில் ஏற்றுமதிக்கு முந்தைய கட்டாயப் பரிசோதனையிலிருந்து தப்ப, அந்தச் சோதனை தேவைப்படாத வகையாகச் சரக்கு அறிவிக்கப்பட்டது என்பது ஏற்றுமதி நிறுவனத்தின் மேல் வந்த குற்றச்சாட்டு.

2009 ஜூனில் கெம்நியூட்ராவும் உரிமையாளர்களும் இரண்டு சிறு குற்றங்களை ஒப்புக்கொண்டார்கள்: கலப்பட உணவு ஒன்று, தவறான பெயர் ஒன்று. அமெரிக்க உணவுச் சட்டத்தில் இந்தச் சிறு குற்றங்களுக்குக் கெட்ட எண்ணத்தையோ முன்னறிவையோ நிரூபிக்க வேண்டியதில்லை. சரக்கு கலப்படமானது, அதை நீ வணிகத்தில் விட்டாய், அதோடு முடிந்தது. வலை அகலம், அதனால் விடுபடுவது கடினம். தண்டனை மட்டும் சிறியது. 2010 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. நிறுவனத்துக்கு 25,000 டாலர் அபராதம், உரிமையாளர்களுக்குத் தலா 5,000 டாலர், மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு. சிறை இல்லை. சீனத் தரப்பினர் அமெரிக்க நீதிமன்றத்தில் வந்து நிற்கவே இல்லை. இரு நாடுகளுக்கும் இடையே குற்றவாளிகளை ஒப்படைக்கும் ஒப்பந்தம் கிடையாது.

ஆக, கலப்படத்தைச் செய்த கை எட்டாத தூரத்தில் இருந்தது. எட்டிய கை பிடிபட்டது. இது நியாயமா என்று கேட்டால், முழு நியாயம் அல்ல. ஆனால் இறக்குமதியாளரைப் பிடிக்காமல் விட்டால், கடல் கடந்து வாங்குகிற எவருக்கும் சரக்கைச் சோதிக்கும் காரணமே இருக்காது.

இழப்பீட்டு வழக்கு

நூற்றுக்கும் மேற்பட்ட வழக்குகள் ஒன்றாக்கப்பட்டு நியூஜெர்சி கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போயின. முதல் சில மாதங்களில் ஒரு தகராறு எழுந்தது. வழக்கறிஞர் வைத்திருந்த உரிமையாளர்களையும் மெனு ஃபுட்ஸ் தரப்பு நேரடியாகத் தொடர்புகொண்டது. 2007 மே மாதத்தில் நீதிபதி அதைக் கட்டுப்படுத்தினார். துக்கத்தில் இருக்கும் ஒருவர் தொலைபேசியில் தரும் பதில், பிறகு அவருக்கே எதிராக வாசிக்கப்படும்.

2008இல் சமரசம் எட்டியது. 2.4 கோடி டாலர் நிதி; அதற்கு முன்பே நேரடியாக வழங்கியிருந்த சுமார் 80 லட்சம் டாலர் தனி. நவம்பரில் நீதிமன்றம் ஒப்புதல் தந்தது. எதற்கெல்லாம் பணம்: சிகிச்சைச் செலவு, கருணைக்கொலை, இறுதிக்கிரியை, சம்பளமிழந்த நாட்கள், விலங்கின் சந்தை விலை அல்லது மாற்று விலங்கு வாங்கும் செலவு, விலங்கு நோயுற்றதில் பாழான தரைவிரிப்பு வரை. எதற்கு இல்லை: துயரத்துக்கு. அமெரிக்க மாநிலங்கள் பெரும்பாலானவற்றில் சட்டத்தின் பார்வையில் நாயும் பூனையும் உடைமைகள். பன்னிரண்டு வயதுக் கலப்பினப் பூனையின் சந்தை விலை ஏறத்தாழ பூஜ்யம். விசாரணைக்குப் போனால் கூடுதலாகக் கிடைக்கும் என்ற உத்தரவாதம் வாதி தரப்புக்கு இல்லாததற்கு இது பெரிய காரணம்.

ரசீது உள்ள கோரிக்கைக்கு நியாயமான செலவு முழுவதும் கிடைக்க வழி இருந்தது. ரசீது இல்லாததற்கு உச்சவரம்பு 900 டாலர். தீவிர சிகிச்சையில் சில நாட்கள் சொட்டு ஏற்றிய பூனையின் கணக்கு அதைச் சுலபமாகத் தாண்டும்.

விஷயம் அதோடு முடியவில்லை. உணவை வாங்கினார்கள், விலங்குக்கு ஒன்றும் ஆகவில்லை, டப்பாவின் விலையை மட்டும் கேட்கிறார்கள் என்ற வகையினருக்கு 2,50,000 டாலர் மொத்த வரம்பு வைத்திருந்தார்கள். அந்த வரம்பு எந்தக் கணக்கில் வந்தது என்று சிலர் மேல்முறையீடு செய்தார்கள். 2010 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம், அந்த ஒரு பகுதிக்குப் போதிய தகவல் பதிவில் இல்லை என்று கீழ் நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்பியது. காசோலைகள் போய்ச் சேர்ந்தது 2011இன் பிற்பகுதியில். பூனை இறந்து நாலரை ஆண்டு.

கோரிக்கை எதனால் நின்றது, எதனால் விழுந்தது

இந்தப் பகுதியை ஓர் உரிமையாளரும் அவருடைய கால்நடை மருத்துவரும் சேர்ந்து படித்தால் நல்லது.

உணவால்தான் என்ற சந்தேகம் வந்த நிமிடமே, மிச்ச உணவை அது வந்த உறையோடு எடுத்துவையுங்கள். வாங்கிய உடனே பிளாஸ்டிக் டப்பாவில் கொட்டிவிட்டு உறையைக் குப்பையில் போடும் பழக்கம்தான் அதிக வழக்குகளைக் கொன்றது. லாட் எண்ணும் காலாவதித் தேதியும் டப்பாவின் அடியிலோ பையின் மடிப்பிலோ இருக்கும். படமும் எடுத்துக்கொள்ளுங்கள். ஈர உணவை இரண்டு மூன்று சிறு பைகளாகப் பிரித்து, தேதி எழுதி, ஃப்ரீசரில் வையுங்கள். அதே லாட்டில் திறக்காத டப்பா ஒன்று கிடைத்தால் அதற்கு மதிப்பே வேறு. திறந்த உணவில் கிடைத்த நஞ்சு உங்கள் வீட்டில் கலந்தது என்று வாதிட முடியும். திறக்காததில் அந்த வாதம் நிற்காது. மாதிரியை அனுப்பும்படி நிறுவனம் கேட்டால் ஒரு பகுதியைக் கொடுங்கள், முழுவதையும் ஒருபோதும் கொடுக்காதீர்கள். யார், எப்போது, யாரிடம் கொடுத்தார் என்பதை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

மருத்துவர் பக்கம்: முடிந்தால் சொட்டு ஏற்றும் முன்பே சிறுநீர் மாதிரி எடுங்கள். திரவம் ஏறிய பிறகு சிறுநீரின் அடர்த்தி எதையும் சொல்லாது. சிறுநீரின் வண்டலை உடனே நுண்ணோக்கியில் பாருங்கள். சிகிச்சைக் குறிப்பில் வேறு காரணங்களைப் பெயர் சொல்லி விலக்குங்கள். பூனைக்கு லில்லிச் செடி, நாய்க்கு எலிக்காய்ச்சல் எனப்படும் லெப்டோஸ்பைரோசிஸ், இரண்டுக்கும் எத்திலீன் கிளைக்கால் என்ற எஞ்சின் குளிரூட்டித் திரவம், வலி மாத்திரைகள். எதிர்த்தரப்பு நிபுணர் எழுப்பும் முதல் கேள்விகள் இவைதான். அன்றைய குறிப்பில் பதில் இருந்தால் கேள்வி உயிரிழக்கும். என்ன உணவு, எந்தத் தேதியிலிருந்து, எத்தனை வேளை, வேறு என்ன தின்பண்டம் என்பதையும் அன்றே எழுதுங்கள். ஒரே வீட்டில் அதே உணவைத் தின்ற இரண்டாவது விலங்கு நோயுற்றதா, வேறு உணவு தின்ற மூன்றாவது நலமாக இருந்ததா என்பது ஆய்வக அறிக்கைக்கு நிகரான தகவல்.

விலங்கு இறந்துவிட்டால், அடக்கம் செய்யும் முன் உடற்கூறாய்வு பற்றிப் பேசியாக வேண்டும். அந்த நேரத்தில் இது கேட்கக் கடினமான கேள்வி. மருத்துவர்தான் கேட்க வேண்டும், அன்போடு. பிரேதத்தைக் குளிர வைக்கலாம், உறையவைத்தால் திசுவின் அமைப்பு கெடும். எடுத்த திசுவை மூன்றாகப் பிரித்து ஃபார்மலின், எத்தனால், உறைநிலை என்று வையுங்கள்.

பணம் வாங்கும்போது கையெழுத்துப் போடும் காகிதத்தை முழுதாகப் படியுங்கள். சிகிச்சைச் செலவைத் திருப்பித் தருகிறோம் என்று வரும் படிவத்தின் கடைசிப் பத்தியில், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்ற வரி இருக்கக்கூடும்.

பிறகு மாறியவை

2007 செப்டம்பரில் நிறைவேறிய சட்டம், ஆபத்தான உணவு பற்றி நிறுவனங்களே எஃப்டிஏவுக்குத் தெரிவிக்க வேண்டிய பதிவேட்டை உருவாக்கியது. 2010 முதல் உரிமையாளரும் மருத்துவரும் நேரடியாக முறையிட இணைய வாசல் திறந்தது. 2011 ஜனவரியில் கையெழுத்தான உணவுப் பாதுகாப்பு நவீனமயச் சட்டம் கட்டாயமாகத் திரும்பப் பெறவைக்கும் அதிகாரத்தை எஃப்டிஏவுக்குத் தந்தது. அதன் கீழ் 2015இல் வந்த விதிகளின்படி, விலங்கு உணவு ஆலையும் தன் ஆபத்துகளை முன்கூட்டியே எழுதி, அவற்றைத் தடுக்கும் ஏற்பாட்டைக் காட்ட வேண்டும். மூலப்பொருள் விற்பவரைச் சரிபார்க்கும் கடமை வாங்குபவருக்கு வந்தது.

இந்த நடுவில் 2008இல் சீனாவில் குழந்தைகளுக்கான பால்பொடியில் இதே மெலமைன், இதே நைட்ரஜன் தந்திரம். ஏறத்தாழ 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள், ஆறு குழந்தைகள் இறந்தார்கள். பூனைகள் சொன்னதை உலகம் இன்னும் சத்தமாகக் கேட்டிருக்க வேண்டும்.

புதிய விதிகள் செயலில் எப்படி என்பதற்கு 2019 ஒரு சோதனை. ஹில்ஸ் நிறுவனத்தின் நாய் உணவு டப்பாக்களில் வைட்டமின் டி அளவு பாதுகாப்பான உச்சவரம்பைப் போல் 33 மடங்குக்கு மேல் இருந்தது எஃப்டிஏ பரிசோதனையில் தெரிந்தது. காரணம் வெளியிலிருந்து வாங்கிய வைட்டமின் கலவை. 2007இல் இத்தகைய நிலையில் தயாரிப்பாளர் விற்பனையாளரைக் கைகாட்டிவிட்டு நிற்க முடிந்தது. 2019இல் எஃப்டிஏவின் எச்சரிக்கைக் கடிதம் போனது தயாரிப்பாளருக்கே. உள்ளே வரும் மூலப்பொருளைச் சோதித்து ஏற்கும் தன் சொந்த நடைமுறையைப் பின்பற்றவில்லை என்று அது குற்றம் சாட்டியது. பொறுப்பு விற்பனையாளரின் கையிலிருந்து தயாரிப்பாளரின் கைக்கு நகர்ந்திருக்கிறது.

நகராதவையும் உண்டு. செல்லப்பிராணி உணவின் மூலப்பொருள்களுக்கும் லேபிளுக்கும் எஃப்டிஏ தேசிய அளவில் தரம் வகுக்க வேண்டும் என்று 2007 சட்டம் இரண்டு ஆண்டு கெடு வைத்திருந்தது. கெடு கடந்தும் அந்த விதிகள் வரவில்லை. 2018இல் விலங்கு மருந்துக் கட்டணங்கள் தொடர்பான வேறொரு சட்டத்தின் உள்ளே அந்தக் கட்டளையே நீக்கப்பட்டது. இறந்த விலங்கின் சந்தை விலைதான் இழப்பீட்டின் அளவு என்ற கோட்பாடும் பெரும்பாலான மாநிலங்களில் அப்படியே இருக்கிறது. அதனால் இன்றும் ஒரு கோரிக்கையின் தொகையை ஏற்றுவது சிகிச்சை ரசீதுகள்தான்.